அறுபத்தொன்று

கணக்கில் விழுந்த பிழை என்னுடையதுதான்.
விளக்கறைக் குமாஸ்தா நான்.
ஆள் சுரங்கத்தில் இறங்கும்போது
ஒரு விளக்கு, ஒரு பித்தளை வில்லை.
ஏறியதும் இரண்டும் ஆணிக்குத் திரும்பும்.
எந்த ஆணி காலியோ
அந்த ஆள் இன்னும் கீழே.

அறுபத்தொன்று, சின்னாண்டி.
மாசியில் கூரை சரிந்தபோது
வில்லை வந்தது. விளக்கு வரவில்லை.
பேரை அடிக்கத் துரை மறந்தார்.
மறந்தார் என்றா சொன்னேன்?
அடித்தால் டண்டியிலிருந்து
விசாரணைக்கு ஆள் வரும்.

சித்திரையில் ஆட்டம்.
துளைக்கருவி பூட்ட வந்த அமெரிக்கன் ஒருவன்
விட்டுப்போன ஆட்டம் அது.
பாதி அவன் சொன்னது, மீதி கிட்டிப்புள்.
யூகலிப்டஸ் முட்டுக்கட்டையைச் சீவி மட்டை.
செத்த கோவேறு கழுதையின் சேணத்தோலில் பந்து.
முதல் மூலைக்கு வண்டிச் சக்கரம்,
அடுத்ததற்கு வெடிமருந்துப் பெட்டியின் மூடி,
அதற்கடுத்து சோளச் சாக்கு.
நாலாவதை அமெரிக்கன் வீடு என்பான்.
அங்கே ஒரு மண்வெட்டியைக் கவிழ்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆடினால் குற்றம்.
பணம் கட்டி ஆடினால் குற்றம்.
தூமாவும் நாங்களும் ஒரே அணியில் நின்றால்
அது எந்தக் குற்றமென்று
குதிரைப் போலீசுக்கே தெரியாது.
ஆகவே சாம்பல் மேட்டுக்குப் பின்னால் ஆடினோம்.
மேலே விசிலோடு ஒரு பையன்.

பந்தயம் பதினோரு பவுன்.
மூன்று பேர் தலைவரி, மிச்சத்துக்குச் சாராயம்.
எறிவதற்குத்தான் ஆளில்லை.

ஓடைக்கு அந்தப்புறம் டிரான்ஸ்வால்.
வோல்க்ஸ்ரஸ்ட் சலவைக்கடையில் ஜெபமணி,
ஈரத்துணி முறுக்கி முறுக்கி
மணிக்கட்டு பாம்பாகிவிட்டவன்.
நடுவரின் தொப்பிக்குள் துப்பினானென்று
எந்தச் சங்கமும் அவனைச் சேர்ப்பதில்லை.
பத்து விரலையும் மையில் தோய்க்க மாட்டேனென்றதால்
சர்க்காரும் சேர்ப்பதில்லை.
சனி இரவு இடுப்பளவு தண்ணீரில் வந்தான்.
அறுபத்தொன்றை அவன் கையில் வைத்தேன்.
யாராவது கேட்டால் சுரங்கத்து ஆள்,
பேர் சின்னாண்டி.

அவன் எறிந்த பந்து
கண்ணுக்குத் தெரியாது; தோலில் படும் சத்தம்தான்.
கடைசிச் சுற்றில் மட்டையும் அவனிடமே வந்தது.
அடித்தான். சக்கரம் தாண்டி, மூடி தாண்டி,
சாக்கை மிதித்துக்கொண்டு ஓடிவர
நாங்கள் வெறிபிடித்துக் கத்தினோம்:
அறுபத்தொன்றே, வீட்டுக்கு வா!
சின்னாண்டி, வீட்டுக்கு வா!

வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பூங்காவனம்
கூடைக்குள் விட்ட கையை எடுக்கவில்லை.
யாரும் அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு நானும் கத்தினேன்.

மண்வெட்டி விளிம்பு முழங்காலைக் கிழிக்க
புழுதியில் சறுக்கி வந்து சேர்ந்தான்.
ஓர் ஓட்டத்தில் வென்றோம்.

அந்த முழங்காலோடு ஓடையைத் தாண்டும்போது பிடிபட்டான்.
விரல் வைக்கவில்லை. வில்லையை நீட்டினான்.
ஆறு வாரம் கல்லுடைத்தான்;
பிறகு டெலகோவா விரிகுடா, பிறகு கப்பல்.

ஆவணியில் கடிதம் வந்தது:
உங்கள் ஆள் அறுபத்தொன்று, சின்னாண்டி,
மதராசுக்கு அனுப்பப்பட்டான். பேரை நீக்கவும்.
துரை அன்று சந்தோஷமாயிருந்தார்.
சிவப்பு மையில் அவரே எழுதினார்,
ஊர் திரும்பினான் என்று.

ஆணி காலியாகத்தான் இருக்கிறது.

பந்தயப் பணத்தில் ஒரு பவுனை முடிந்துகொண்டு
பூங்காவனத்திடம் போனேன். கடிதத்தையும் படித்தேன்.
பணத்தை எண்ணவில்லை அவள்.
எந்தக் கப்பல் என்றாள்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"கடல் அவருக்கு ஒத்துக்காது,
வாந்தி எடுத்துக்கிட்டே கிடப்பாரு" என்றாள்.